மைக்கை அடுத்தவர் கையில் கொடுப்பது எப்படி

இருபது வருடம் மேடையில் நின்றவருக்கு ஒருநாள் தோன்றும்: பாடியது போதும், இனி புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதிக் கொடுப்போம், அவர்கள் வேலையையும் நாமே பார்த்துக்கொள்வோம். எனக்கும் தோன்றியது. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டு, நடுநடுவே பாடிக்கொண்டும் இருந்தவன் நான். இப்போது மூன்று புதியவர்களுக்கு மேனேஜர், அவர்களுக்கு மெட்டுப் போடுகிறவனும் நான்தான். இசையில் பழுத்தவர், மேனேஜர் வேலையில் எல்கேஜி. நீங்கள் அப்படிப்பட்டவர் என்றால் இதைப் படியுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் உட்கார்ந்தால் பாட்டு எழுதுகிறீர்கள், உங்களுக்கென்று ஒரு பங்கு வருகிறது. இன்னொன்றில் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளையின் பணத்தையும் பெயரையும் காக்கிறீர்கள். இரண்டும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். எந்த நேரத்தில் எந்த நாற்காலியில் இருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதாது, எதிரே இருக்கும் பிள்ளைக்கும் தெரிய வேண்டும். கீழே வருவதில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான்.

படி 1: கையில் என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

பணத்தைச் சொல்லவில்லை. பணம் பெரும்பாலும் இருக்காது.

இங்கிலாந்தின் 'அனிமல்ஸ்' குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் சாஸ் சாண்ட்லர், நியூகாஸில் ஊர்க்காரர். 1964இல் அந்தக் குழுவின் ஒரு பாட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. ஆனால் ஓயாமல் ஊர் ஊராகச் சுற்றி வாசித்தும் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. 1966இல் குழு கலையும் நேரத்தில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ஒரு சின்ன கஃபேயில், யாருக்கும் தெரியாத ஒரு கிட்டார்காரர் வாசிப்பதைக் கேட்கிறார். அவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். செப்டம்பர் 1966இல் அவரை லண்டனுக்குக் கூட்டிவந்தார். செலவுக்குத் தன் பேஸ் கிட்டார்களை விற்றார்.

அவரிடம் பணம் இல்லை, ஆனால் இருபத்தேழு வயதுக்குள் சேர்த்துவைத்த பழக்கம் இருந்தது. அப்போதே பெயர் பெற்றிருந்த கிட்டார்காரர் எரிக் கிளாப்டனைப் பார்க்க முடியுமா என்று ஹெண்ட்ரிக்ஸ் கேட்டாராம். அக்டோபர் 1ஆம் தேதி, அதாவது லண்டன் வந்து இறங்கி ஒரு வாரத்தில், கிளாப்டனின் 'க்ரீம்' குழு வாசித்துக்கொண்டிருந்த மேடையிலேயே ஏறி வாசித்தார் ஹெண்ட்ரிக்ஸ். தெரியாத ஒரு மேனேஜர் போய்க் கேட்டிருந்தால் பின்வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள். சக வாத்தியக்காரரான சாண்ட்லர் கேட்டதால் கதவு திறந்தது.

ஆகவே ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் போன் செய்தால் அன்றே எடுப்பவர்களின் பெயரை எழுதுங்கள். ஸ்டுடியோ வைத்திருப்பவர், சவுண்ட் என்ஜினியர், கோயில் கமிட்டிக்காரர், கல்லூரி விழா பார்ப்பவர், டிரம்மர், போஸ்டர் டிசைன் செய்பவர். என் முதல் பட்டியலில் 61 பேர் இருந்தார்கள். போன் செய்து பார்த்ததில் 14 ஆனது. அந்த 14தான் உண்மையான முதலீடு. பத்துக்குக் கீழே வந்தால் இப்போதைக்குப் பாட்டு மட்டும் எழுதிக் கொடுங்கள், மேனேஜர் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

படி 2: ஆளைத் தேடும்போது உங்களையே தேடாதீர்கள்

பழைய பாடகர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. சின்ன வயதில் தான் எப்படி இருந்தோமோ அதே மாதிரி ஒருவரைப் பார்த்ததும் மனம் உருகிவிடும். அப்புறம் அந்தப் பிள்ளையை வைத்து, தனக்குக் கிடைக்காமல் போன சான்ஸ்களைத் திரும்பப் பிடிக்கப் பார்ப்பார்கள்.

ஜப்பானில் 'ஷரன் க்யூ' என்ற ராக் குழுவின் பாடகர் சுங்கு. 1997இல் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் தோற்றுப்போன ஐந்து பெண்களை அவர் கையில் எடுத்தார். நிபந்தனை: ஐந்து நாளில் தங்கள் சிடியை 50,000 பிரதி விற்க வேண்டும், விற்றால்தான் குழுவாக அறிமுகம். அவர்கள் விற்றுக் காட்டினார்கள். அதுதான் 'மோர்னிங் முசுமே'. அந்த ஐவரில் ஒருவர்கூட சுங்குவின் நகல் இல்லை. நேரில் நின்று விற்க அலுத்துக்கொள்ளாதவர்கள், அதுதான் அவர்களிடம் இருந்தது.

குரல் நன்றாக இருப்பவர்கள் நம்மூரில் தெருவுக்கு நான்கு பேர். நான் பார்ப்பது வேறு மூன்று விஷயம். சொன்ன நேரத்துக்கு வருகிறாரா? ஒரு வரியை நான் திருத்தினால் முகம் எப்படிப் போகிறது? திருத்தாமல் விட்டால் தானாகவே இன்னொரு தடவை பாடிப் பார்க்கிறாரா? மூன்றாவது இருந்தால் மற்ற இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று மாதம் காகிதம் எதுவும் வேண்டாம். இரண்டு பாட்டு சேர்ந்து செய்யுங்கள், ஒரு சின்ன கச்சேரிக்கு ஒன்றாகப் போய்வாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, வேனில், பேமெண்ட் வராத எரிச்சலில் ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்தைப் பற்றி யோசிக்கலாம். அவரும் உங்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

படி 3: பழைய கையெழுத்துகளைக் கேளுங்கள்

சாண்ட்லர் கவனமான ஆள். ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்காவில் இதற்கு முன் போட்டிருந்த ஒப்பந்தங்களைத் தேடிப்பிடித்து முடித்துவைக்கப் பார்த்தார். ஒன்று மட்டும் தப்பிவிட்டது. 1965 அக்டோபரில், எட் சால்ப்பின் என்ற தயாரிப்பாளரிடம், ஒரு டாலரும் ஒரு சதவீத ராயல்டியும் என்ற கணக்கில் ஹெண்ட்ரிக்ஸ் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். புகழ் வந்ததும் அந்தத் தாளும் வந்தது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அமெரிக்காவில் அதை முடித்துவைக்க 1970இல் ஒரு முழு ஆல்பத்தையே அந்தப் பக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

நம்மிடம் வரும் பிள்ளைகளும் ஒரு டாலர் தாளோடுதான் வருகிறார்கள், அவர்களுக்கே அது நினைவிருக்காது. நான் சேர்த்துக்கொண்ட ஒரு பையன் பதினெட்டரை வயதில் ஒரு யூட்யூப் சேனலுக்கு நான்கு கவர் பாட்டு பாடியிருந்தான். "எதிலாவது கையெழுத்துப் போட்டியாப்பா?" என்று கேட்டால், "இல்லண்ணா, சும்மா ஒரு ஃபார்ம்தான்" என்றான். வாங்கிப் பார்த்தேன். அடுத்த ஐந்து வருடம் அவன் பாடும் எந்தத் தனிப்பாடலையும் முதலில் அவர்களிடம் காட்ட வேண்டும் என்று ஏழாவது பத்தியில் இருந்தது. முடித்துவைக்க எட்டு மாதம் ஆனது.

"ஒப்பந்தம் இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் வரும். இப்படிக் கேளுங்கள்: ரியாலிட்டி ஷோ ஆடிஷனுக்குப் போனாயா, அங்கே என்ன ஃபார்ம் கொடுத்தார்கள்? பாட்டு ஏற்றும் ஆப்பில் உன் பெயரில் கணக்கு இருக்கிறதா, பாஸ்வேர்டு யாரிடம்? பாட்டு சொல்லிக்கொடுத்தவர் ஏதாவது எழுதி வாங்கினாரா? கோயில் பக்திப் பாடல் சிடிக்குப் பாடினாயா? மெயிலைத் திறந்து 'அக்ரிமெண்ட்' என்று தேடச் சொல்லுங்கள். அவருடைய அம்மாவையும் கேளுங்கள். ஃபைலில் போட்டு வைத்திருப்பவர் அவராகத்தான் இருப்பார்.

படி 4: மேனேஜர் ஒப்பந்தம், பாட்டு ஒப்பந்தம் இரண்டும் வேறு வேறு தாள்

ஒரே தாளில் இரண்டையும் எழுதினால் வேலை சுலபம்தான். அந்தச் சுலபத்துக்குப் பின்னால் வட்டி கட்ட வேண்டும். மேனேஜர் உறவு முடிந்தாலும் பாட்டு உங்கள் பாட்டாகவே இருக்கும். பாட்டில் சண்டை வந்தாலும் மேனேஜர் வேலை நடக்கலாம். இரண்டு தாள் இருந்தால்தான் ஒன்றைக் கிழித்தாலும் மற்றது நிற்கும்.

மேனேஜர் தாளில் என்ன இருக்க வேண்டும்? முதலில் காலம். தென் கொரியாவில் எஸ்எம் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கிய லீ சூ மான், எழுபதுகளில் பிரபலமாக இருந்த பாடகர். ஆகவே நம் கட்டுரைக்கு உரிய ஆள்தான். அவருடைய நிறுவனத்தின் 'டோங் பாங் ஷின் கி' குழுவில் ஐந்து பேரில் மூவர் 2009 ஜூலையில் நீதிமன்றம் போனார்கள். 13 வருட ஒப்பந்தம் நியாயமில்லை என்பது அவர்கள் வாதம். அதே மாதம் அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தம் ஏழு வருடத்தை வரம்பாக வைத்தது. ஏழு வருடம் என்பது கோடிக்கணக்கில் பணம் போட்டுப் பயிற்சி கொடுப்பவர்களின் கணக்கு. நீங்களும் நானும் போனும் பழக்கமும் வைத்து வேலை செய்கிறவர்கள். இரண்டு வருடம் போதும், இருவருக்கும் பிடித்திருந்தால் இன்னும் இரண்டு.

அடுத்தது வயது. இந்தியாவில் 18 முடியாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. பதினாறு வயதுப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க வேண்டாம். பெற்றோரோடு பேசி, 18 முடியும்வரை பாட்டுக்குப் பாட்டு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கமிஷன். பொதுவாக 15 முதல் 20 சதவீதம் என்பார்கள். எந்தத் தொகையில் 20 என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு கச்சேரிக்கு 40,000 ரூபாய் பேசியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாத்தியக்காரர்கள், வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்து 22,000 போய்விட்டது. மொத்தத் தொகையில் 20 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு 8,000, பாடிய பிள்ளைக்கு 10,000. செலவு போக மிஞ்சிய 18,000இல் எடுத்தால் உங்களுக்கு 3,600, அவருக்கு 14,400. முதல் கணக்கில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி ஆகிவிடுகிறது, தாளில் மட்டும் '20' என்று இருக்கிறது. தொடங்கும் நிலையில் இருப்பவரிடம் மிச்சத்தில்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. மொத்தத்தில் எடுக்கும் மேனேஜர்கள் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர்கள் பாட்டிலும் பங்கு வாங்குவதில்லை. நாம் வாங்குகிறோம்.

அதனாலேயே அடுத்த வரியையும் எழுதிவிடுங்கள்: நான் எழுதிய பாட்டில் பாடகருக்கு வரும் எழுத்துப் பங்கிலிருந்து மேனேஜர் கமிஷன் எடுக்க மாட்டேன். ஒரே பாட்டில் இரண்டு கையால் எடுப்பது சட்டப்படி தப்பில்லாமல் இருக்கலாம். ஒருநாள் அந்தப் பிள்ளை உட்கார்ந்து கூட்டிப் பார்க்கும். அன்றைக்கு உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

விலகிய பிறகு என்ன என்பதையும் இப்போதே எழுதுங்கள். நீங்கள் பேசி முடித்த வேலைக்கு, விலகிய பின் முதல் வருடம் முழுக் கமிஷன், இரண்டாம் வருடம் பாதி, அதற்கப்புறம் இல்லை. நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கடைசியாக, அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஒரு வக்கீல். நீங்கள் கூட்டிக்கொண்டு போகிறவர் உங்கள் வக்கீல், எவ்வளவு நல்லவரானாலும் சரி. "வீட்டில் தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் அவரிடம் காட்டிவிட்டு ஒரு வாரம் கழித்து வா" என்று தாளைக் கொடுத்து அனுப்புங்கள். காட்டாமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

படி 5: அவர் குரலுக்கு எழுதுவது

இங்கே கொஞ்ச நேரம் நிற்கிறேன், பழைய ஆட்கள் வழுக்கி விழும் இடம் இது.

என் சுருதி ஒன்றரைக் கட்டை (கட்டை ஏற ஏற சுருதியின் உயரம் ஏறும்). நான் முதலில் எழுதிக்கொடுத்த பெண்ணுக்கு ஐந்து கட்டை. எனக்கு வசதியான இடத்தில் மெட்டைப் போட்டுவிட்டு, அப்படியே ஐந்துக்கு ஏற்றிக் கொடுத்தேன். சுருதி சேர்ந்தது, பாட்டு சேரவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. என் குரலில் அழகு கீழ் ஸ்தாயியில், அந்தக் கரகரப்பில். அதனால் பல்லவியை நான் கீழே கொண்டுபோய் முடிப்பேன். அந்தப் பெண்ணின் குரல் கீழே போனால் காற்றுதான் வரும். நடுவில், பஞ்சமத்தை, அதாவது 'ப' ஸ்வரத்தைச் சுற்றித்தான் அது திறக்கும். கட்டையை மாற்றினால் உயரம் மாறும், மெட்டின் நடை மாறாது. அந்த நடை என்னுடையது.

இப்போது இப்படிச் செய்கிறேன். பாட்டு எழுதும் முன் ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசச் சொல்வேன், பாடச் சொல்வதில்லை. நேற்று பஸ்ஸில் என்ன நடந்தது, வீட்டில் யாரோடு சண்டை. போனில் பதிவு செய்துகொண்டு, பேச்சு இயல்பாக எந்த ஸ்வரத்தைச் சுற்றி நிற்கிறது என்று கீபோர்டில் தேடிப் பார்ப்பேன். சரணம் அங்கேதான் நடக்க வேண்டும். அப்புறம் ஒரு தாலாட்டை மூன்று சுருதியில் பாடச் சொல்வேன், அதையே கோபமாக ஒரு தடவை. குரல் எங்கே மெலிகிறது, எங்கே தொண்டை இறுகுகிறது என்று குறித்துக்கொள்வேன். இறுகுவதற்கு அரை ஸ்வரம் கீழே உச்சம். உச்சத்தை எட்டிப் பிடிக்கவைத்தால் ஸ்டுடியோவில் ஒருநாள் வந்துவிடும். மேடையில், எட்டாவது பாட்டாக, தூசியில், வராது.

அடுத்தது எழுத்து. உச்ச ஸ்வரம் எந்த எழுத்தில் விழுகிறது என்று பாருங்கள். "இந்தத் தெருவில் நின்னு" என்று ஒரு வரி வைத்திருந்தேன். உச்சம் 'நின்' மேல் விழுந்தது. குறில் இகரம், உடனே மூக்கொலி. அந்தப் பெண் எவ்வளவு முயன்றும் கிள்ளிவிட்ட மாதிரிதான் கேட்டது. "நானும் வாசல் ஓரம்" என்று மாற்றினேன். உச்சம் 'வா' மேல். வாய் திறந்தது, குரலும் திறந்தது. அந்தப் பெண்ணிடம் குறை ஏதும் இருக்கவில்லை, வரி சரியில்லை. மேலே ஆ, ஓ, ஏ மாதிரி நெடில். வல்லினம் இரட்டித்து வரும் சொற்களைக் கீழே தாளத்தோடு போகும் இடங்களுக்குத் தள்ளிவிடுங்கள், அங்கே அவை மிருதங்கம் மாதிரி உதவும்.

மூச்சு. இருபது வருடம் பாடியவரின் மூச்சுக்கு எழுதிய வரியைப் பத்தொன்பது வயது நடுவில் அறுக்கும், அதுவும் அர்த்தம் அறுபடும் இடத்தில். வரியின் நடுவில் ஒரு வாசலை நீங்களே வைத்துவிடுங்கள்.

சொல்லப்படும் விஷயம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உங்கள் முழங்கால் வலியை அவர் வாயில் வைக்காதீர்கள், அவ்வளவுதான். நாற்பத்தைந்து வயதுக் களைப்பை ஒரு சின்னப் பெண் பாடினால் நாடகம் போட்டது போல் இருக்கும். வேனில் பேசிக்கொண்டு வரும்போது அவர்கள் சொல்லும் சொற்களைக் குறித்து வையுங்கள். டம்மி வரிகளை, அதாவது மெட்டுக்குத் தற்காலிகமாகப் போடும் வரிகளை, அவர்களையே எழுதச் சொல்லிப் பாருங்கள். பல தடவை அந்த டம்மியில் ஒரு வரி, நான் யோசித்துக் கட்டிய எதையும் விட நன்றாக இருந்திருக்கிறது. வைத்துக்கொண்டேன். அதற்குப் பங்கும் கொடுத்தேன், அது அடுத்த படி.

பாடகர் கேட்டுப் பழக நாமே ட்ராக் பாடிக் கொடுக்கும் பழக்கம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. கவனம். நீங்கள் உணர்ச்சி பொங்கப் பாடிக் கொடுத்தால் அவர் உங்களைப் போலவே பாடித் திருப்பிக் கொடுப்பார். நான் இப்போது கீபோர்டில் மெட்டை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன், குரல் இல்லாமல். குரல் இல்லாமலும் பாட்டு கொடுக்க முடியும். சுங்குவுக்குக் குரல்வளைப் புற்றுநோய் வந்து, குரல்நாண்களை எடுத்துவிட்ட செய்தியை 2015 ஏப்ரலில் ஒரு பல்கலைக்கழக விழா மேடையில் திரையில் எழுத்தாகவே அறிவித்தார். பாட முடியாது, ஆனாலும் பாட்டு எழுதுவதை அவர் விடவில்லை.

படி 6: பங்குத் தாள், அன்றைக்கே

அனிமல்ஸ் குழுவின் அந்த முதலிடப் பாட்டு பழைய நாட்டுப்பாடல். ஐவரும் சேர்ந்துதான் புது வடிவம் கொடுத்தார்கள். இசைத்தட்டில் ஏற்பாட்டாளர் என்று கீபோர்டுகாரர் ஆலன் பிரைஸ் பெயர் மட்டும் அச்சானது. ஐந்து பெயர் போட லேபிளில் இடமில்லை என்று சொன்னதாகக் கதை. அந்த ராயல்டி முழுவதும் ஒருவருக்கே போனது. சாண்ட்லர் பிறகு தான் பார்த்துக்கொண்ட பாடகர்களை ஏன் சொந்தமாக எழுதச் சொன்னார் என்பது படி 9இல் வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோவை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வெள்ளைத்தாள். பாட்டின் பெயர், தேதி, மெட்டு யார், வரிகள் யார், ஆளுக்கு எத்தனை சதவீதம், கூட்டினால் 100. மெட்டுக்கு 50, வரிகளுக்கு 50 என்று பிரிப்பது வழக்கம். வரியில் பாதி அந்தப் பெண் எழுதியிருந்தால் அவருக்கு 25, எனக்கு 75. எல்லோரும் கையெழுத்து, போனில் ஒரு போட்டோ. ஐந்து நிமிட வேலை. ஒரு மாதம் கழித்து, பாட்டு ஓடத் தொடங்கிய பின் உட்கார்ந்தால் ஐந்து மாத வேலை.

பாட்டின் மெட்டு, வரி வேறு, பதிவு செய்த ஒலி வேறு. ஒலிப்பதிவுக்கு யார் பணம் போட்டார்களோ அவருக்குத்தான் பொதுவாக அது சொந்தம். நீங்கள் போட்டிருந்தால் அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், இந்தத் தாளில் கலக்க வேண்டாம்.

சட்டத்தில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தியாவில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குரிய ராயல்டிப் பங்கைச் சட்ட வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. உரிமை மாற்றும் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். "எல்லா உரிமையும், எப்போதைக்கும்" என்று யாராவது தாள் நீட்டினால் இவை மூன்றும் நினைவில் வரட்டும். நீங்களே அப்படி ஒரு தாளை அந்தப் பிள்ளையிடம் நீட்டாமல் இருப்பதற்கும் உதவும்.

பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் நீங்களும் சேருங்கள், வரி எழுதியிருந்தால் அந்தப் பிள்ளையையும் சேர்த்துவிடுங்கள். பாடுவதற்கான ராயல்டிக்குப் பாடகர்களின் சங்கம் வேறு இருக்கிறது. படிவம் நிரப்புவது அலுப்பான வேலைதான். மேனேஜர் என்று பெயர் வாங்கியாகிவிட்டது, நிரப்புங்கள்.

படி 7: ஒலிப்பதிவு நாளில்

பேசாதீர்கள். இரண்டு டேக்குக்கு (ஒரு தடவை பாடிப் பதிவு செய்வது ஒரு டேக்) ஒரு குறிப்பு, ஒரே ஒரு குறிப்பு. "நன்றாக இருந்தது, இன்னொன்று பாப்போமா" என்பது குறிப்பு இல்லை, அது பயமுறுத்தல்.

'ஃபோர் நான் ப்ளாண்ட்ஸ்' குழுவின் பாடகியாக இருந்த லிண்டா பெர்ரி, பிறகு பாட்டெழுதுபவராக மாறியவர். பாடகி பிங்க் தானாகத் தேடிப்பிடித்து அழைத்ததில் தொடங்கியது அந்தப் பயணம். தனக்கென்று எழுதி வைத்திருந்த ஒரு பாட்டை இன்னொரு பாடகி கிறிஸ்டினா அகிலேராவுக்குக் கொடுத்தார். முதலில் சும்மா பாடிப் பார்த்த டேக்கையே கடைசிவரை வைத்திருந்தார். அகிலேரா அது போதாது, திருத்திப் பாட வேண்டும் என்று நினைத்தார். 2002இல் வெளிவந்த அந்தப் பாட்டில் கேட்பது அந்த முதல் டேக்தான், தொடக்கத்தில் தோழியிடம் என்னைப் பார்க்காதே என்று சொல்லும் முணுமுணுப்பு உள்பட. ஆகவே ரிஹர்சல் என்று சொன்ன டேக்கையும் பதிவு செய்து வையுங்கள். சுருதி பிசகைத் திருத்தும் ஆட்டோடியூனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு ஆசையும் வரும்: பாட்டில் உங்கள் குரலும் ஒரு ஓரத்தில் இருக்கட்டுமே என்று. கொரியாவின் பார்க் ஜின் யங், 1994இல் பாடகராக வந்து, 1997இல் நிறுவனம் தொடங்கி, ரெய்ன், வொண்டர் கேர்ள்ஸ் என்று வரிசையாக எழுதிக் கொடுத்தவர். தான் எழுதிய பாட்டுகள் பலவற்றின் தொடக்கத்தில் 'ஜேஒய்பி' என்று தன் பெயரெழுத்தைக் கிசுகிசுப்பார். ரசிகர்களுக்கு அது ஒரு ஜோக்காகவே ஆகிவிட்டது. அவர் ஜேஒய்பி, செய்யலாம். நாம் வேண்டாம்.

படி 8: முதல் மேடை

சவுண்ட் செக்குக்கு நீங்கள் போங்கள், மைக்கை மட்டும் தொடாதீர்கள். பழக்கதோஷத்தில் "ஹலோ, ஒன் டூ" சொல்லிவிட்டால் கமிட்டிக்காரர் வந்து, "சாரே ஒரு பாட்டு பாடலாமே" என்பார். பாடினால் மறுநாள் போஸ்டரில் உங்கள் பெயர் பெரிதாகவும் அந்தப் பிள்ளையின் பெயர் சின்னதாகவும் வரும். எனக்கு நடந்தது. மானிட்டரில், அதாவது பாடகரைப் பார்த்து வைத்திருக்கும் ஸ்பீக்கரில், அவர் குரல் அவருக்குக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாக்கிப் பணத்தை மேடை ஏறும் முன் வாங்குங்கள்.

படி 9: அவரையே எழுத வையுங்கள்

ஹெண்ட்ரிக்ஸின் முதல் இசைத்தட்டின் முன்பக்கம் வேறொருவர் எழுதிய பாட்டு. பின்பக்கத்துக்கும் ஒரு பழைய பாட்டைப் போடலாம் என்றிருந்தார் அவர். சாண்ட்லர் விடவில்லை. நீயே ஒன்று எழுது, பின்பக்கப் பாட்டுக்கும் எழுத்துப் பங்கு வரும் என்றார். அவர் எழுதினார். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் உலகம் அறியும். பிறகு 'ஸ்லேட்' குழுவை எடுத்தபோதும் சாண்ட்லர் அதையேதான் சொன்னார். முதலில் அவர்களுக்கு மொட்டையடித்து ஒரு வேஷம் போட்டுப் பார்த்தார், எடுபடவில்லை. சொந்தமாக எழுதுங்கள் என்று நெருக்கியது எடுபட்டது. பாடகர் நாடி ஹோல்டரும் பேஸ் வாசித்த ஜிம் லீயும் எழுதிய பாட்டு 1971இல் முதலிடம் போனது. மொத்தம் ஆறு முதலிடம்.

பாட்டெழுதும் மேனேஜருக்கு இதுதான் கசப்பான படி. அவர் எழுத எழுத உங்கள் பங்கு குறையும். பாட்டு நாற்காலி வேண்டாம் என்று இழுக்கும், மேனேஜர் நாற்காலி எழுதச் சொல் என்று தள்ளும். எழுந்து இந்த நாற்காலிக்கு வந்துவிடுங்கள். நான் வைத்திருக்கும் கணக்கு: முதல் நான்கு பாட்டு என்னுடையது, அடுத்த நான்கு சேர்ந்து, ஒன்பதாவது அவருடையது. அது சுமாராக இருந்தாலும் வெளியே வரும். பத்தாவது சுமாராக இருக்காது.

படி 10: விலகுவது

சாண்ட்லர் 1968இல், ஹெண்ட்ரிக்ஸின் மூன்றாவது ஆல்பம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒதுங்கினார். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்ததும், ஸ்டுடியோ முழுக்க வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நிறைந்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று நிமிடப் பாட்டை மூன்று மணி நேரத்தில் முடிக்கும் காலத்து ஆள் அவர். யார் சரி என்று கேட்டால், இருவரும்தான். ஆல்பம் அருமையாக வந்தது. அடுத்த வருடமே ஸ்லேட் குழுவைப் பிடித்துவிட்டார் சாண்ட்லர்.

உங்களுக்கும் அந்த நாள் வரும். அந்தப் பிள்ளை பெரிய மேனேஜரிடம் போகும், அல்லது நீங்கள் ரசிக்காத இசைக்குப் போகும். அதற்கான ஃபைலை முதல் நாளிலிருந்தே கட்டிக்கொண்டு வாருங்கள். எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டும் அவர் மெயிலில், அவர் போன் நம்பரில். பங்குத் தாள்களின் நகல். ஒவ்வொரு பதிவின் ஐஎஸ்ஆர்சி எண், அதாவது அந்தப் பதிவின் அடையாள எண். மிக்ஸிங்குக்கு முந்தைய தனித்தனி ட்ராக்குகள் ஒரு ஹார்டு டிஸ்கில். பேசி முடித்து இன்னும் நடக்காத கச்சேரிகள், வாங்கிய அட்வான்ஸ், வர வேண்டிய பாக்கி.

என்னிடமிருந்து போன முதல் பையனுக்கு அந்த ஹார்டு டிஸ்கைக் கொடுத்தபோது உறையின் மேல் அவன் பெயரை எழுத மறந்து என் பெயரையே எழுதியிருந்தேன். அவன் பார்த்துவிட்டுச் சிரித்தான். பேனாவை வாங்கி அடித்துவிட்டு, கீழே தன் பெயரை எழுதிக்கொண்டான்.